மிர்லின் ஓடிப்போகும் நாள்

மிர்லின் ஒருநாள் ஓடிப்போய்விடுவாள் என்பதில் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. எந்த நாள் என்பதில்தான் அபிப்பிராய பேதம். குளிர் முடியட்டும் பார் என்றார் அம்மா. அவ்வளவு காலம் தாங்காது என்றார் மாமா. அப்பா நாள் எதுவும் குறிக்கவில்லை. வேலையால் வந்ததும் தன் சப்பாத்தைக் கழற்றுமுன், வாசலில் அவளுடைய சப்பாத்துகள் கிடக்கின்றனவா என்று பார்ப்பார். கிடந்தால் ஒரு பெருமூச்சு விட்டுக்கொண்டு உள்ளே வருவார்.

எனக்கு அப்போது பத்து வயது. மெல்பனில், நோபல் பார்க்கில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருந்த உதைபந்தாட்டக் கிளப்பில், சிறுமியர் அணிக்குக் கோல் காத்துக்கொண்டிருந்தேன். காத்தேன் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. அந்தக் கிளப்பின் பெண்கள் அணிக்கு ஹெய்ட்டியிலிருந்து ஒரு பத்தொன்பது வயதுப் பெண்ணைக் கூப்பிட்டிருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களைப் பிள்ளைகளின் பெற்றோர் ஒரு சீசனுக்குத் தங்கள் வீட்டில் வைத்திருப்பது அங்கே வழக்கம். கிளப் செயலாளர் ஒரு சனிக்கிழமை மைதான வேலியோரம் படிவத்தோடு வந்து அப்பாவிடம் கேட்டார். இந்த நாட்டில் பேனையும் கடதாசியும் வைத்திருக்கும் எவரிடமும் மாட்டேன் என்று சொல்ல அப்பாவுக்கு வராது. கையெழுத்தை வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்துதான் வாசித்தார்.

அதில் ஒரு வரி இருந்தது. வீராங்கனை சொல்லாமல் எங்கேயாவது போய்விட்டால் வீட்டுக்காரர் உடனே கிளப்புக்கு அறிவிக்க வேண்டும். கிளப் குடிவரவுத் திணைக்களத்துக்கு அறிவிக்கும். கீழே ஒரு தொலைபேசி இலக்கம். அப்பா அந்த வரியை மூன்று தரம் வாசித்துவிட்டு, கடதாசியைக் குசினியில் ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டினார்.

அப்பா படகில் வந்தவர். சிட்னியில் தடுப்பு முகாமில் இருந்து, வழக்காடி, விசா எடுத்து, பிறகு எங்களைக் கூப்பிட்டவர். குடியுரிமைக்கு விண்ணப்பித்து இரண்டு வருடத்துக்கு மேலாகியும் கடிதம் வரவில்லை. அவரோடு விண்ணப்பித்தவர்கள் சின்னக் கொடியைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பி முடித்துவிட்டார்கள். "இவள் ஓடினால் முதல்ல என்ரை ஃபைலைத்தான் திறப்பினம்" என்று அப்பா சொன்னார். எங்கள் வீட்டுக்கு அந்தக் கடிதம்தான் எல்லாமே என்று எனக்கும் தெரியும். அது வந்தால்தான் அப்பா இரவில் ஒழுங்காக நித்திரை கொள்வார் என்று அம்மா சொல்லியிருந்தார்.

அடுத்த தெருவில் இருந்த மாமா, அம்மாவின் தமையன், இந்த விஷயத்தில் எங்கள் வீட்டு நிபுணர். அவரே இந்த நாட்டுக்குக் கரப்பந்தாட்ட வீரராக வந்தவர்தான். பத்துப் பேர் கொண்ட அணி. முதல் ஆட்டத்தன்று காலை ஹோட்டலில் மிஞ்சியிருந்தவர் மனேஜர் ஒருவர் மட்டும். அவரும் மத்தியானத்துக்கு முன் கிளம்பிவிட்டார். மாமாவின் உயரத்தைப் பார்த்தால் வலையின் கீழால் குனியாமல் போகலாம். ஆனால் விசாவுக்குக் கொடுத்த கடதாசியில் இன்றுவரை அவர் முன்வரிசை ஆட்டக்காரர். ஆகவே அவர் வாயிலிருந்து வந்தது எங்களுக்குச் சட்டம்.

"விளையாட வாறம் எண்டு வாற ஒருத்தரும் விளையாட வாறேல்ல" என்றார் மாமா, மிர்லின் வந்து இறங்கிய அன்றைக்கே.

அவளும் அதற்கேற்ற மாதிரி வந்து சேர்ந்தாள். முழங்காலில் ஒரு பிசகு. ஆறு கிழமைக்குப் பந்தைத் தொடக்கூடாது என்று கிளப் வைத்தியர் சொல்லிவிட்டார். எங்கள் வரவேற்பறைக் கதிரையில், ஃபிரீசரில் இருந்த முருங்கைக்காய்ப் பக்கெற்றை முழங்காலில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மாமா எதிரே இருந்து ஒருநாள் ஆங்கிலத்தில் பரீட்சை வைத்தார். ஓஃப்சைட் என்றால் என்ன? அவள் கோப்பையையும் உப்புப் போத்தலையும் வைத்துப் பத்து நிமிடம் விளக்கினாள். அது சரியா பிழையா என்று மாமாவுக்கே தெரியாததால் பரீட்சை முடிவு வெளியாகவில்லை.

அவளைக் கவனிக்கும் பொறுப்பை அப்பா என்னிடம் தந்தார். "அவ வெளிக்கிட்டா எனக்குச் சொல்லு பிள்ளை, சரியோ?" என்று மட்டும்தான் சொன்னார். நான் அதற்கு மேலேயே செய்தேன். அவளுடைய பை எப்போதும் பாதி அடுக்கியபடியே கிடந்ததைக் கண்டுபிடித்தது நான். கடவுச்சீட்டைத் தலையணை உறைக்குள் வைத்துப் படுக்கிறாள் என்று சொன்னதும் நான்தான். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுத் தன் பாஷையில் அரை மணி நேரம் தொலைபேசியில் பேசுகிறாள், வெளியே வரும்போது கண் சிவந்திருக்கிறது என்றும் சொன்னேன். குளியலறைக்குள் நின்று கதைப்பவர்கள் நல்ல காரியம் கதைப்பதில்லை என்றார் அம்மா. ஒரு பிள்ளை தன் தாயோடு பேசி அழும் சத்தம் அந்நிய வீட்டில் கேட்கக்கூடாது என்று நினைத்திருக்கலாம் என, உளவு பார்த்த எனக்கும் தோன்றவில்லை, அறிக்கையைக் கேட்டவர்களுக்கும் தோன்றவில்லை.

இத்தனைக்கும் எனக்கு அவளை நன்றாகப் பிடித்திருந்தது. பின்வளவில் ஒற்றைக் காலில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள்; நான் நூறுவரை எண்ண வேண்டும். எண்ணும்போது கதை சொல்வாள். ஊரில் பையன்களோடு வெறுங்காலில் விளையாடியது, பன்னிரண்டு வயதில் பயிற்சி முகாமுக்குத் தெரிவானது, தாய் சந்தையில் வாழைக்காய் விற்பது, பதினாறில் நாட்டின் இளையோர் அணிச் சட்டை கிடைத்தபோது தாய் அதைக் கழுவவே விடாதது. பிரான்சில் ஏதாவது ஒரு கிளப்பில் விளையாட வேண்டும், அதற்குப் பிறகு தாய் சந்தைக்குப் போகக்கூடாது. எழுபத்தெட்டில் எண்ணிக்கையை நான் மறந்துவிடுவேன். அவள் கண்ணைத் திறக்காமலே எழுபத்தொன்பது என்பாள். அதையும் போய் அப்பாவிடம் சொன்னேன், பிரான்ஸ் என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் அழுத்தி.

ஆறு கிழமை முடிந்து அவளுடைய முதல் ஆட்டத்துக்கு வீட்டோடு போனோம். கடைசி இருபது நிமிடத்துக்குத்தான் அவளை இறக்கினார்கள். கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பந்தை வாங்கினாள், இடது தோளால் ஒருத்தியை நகர்த்தினாள், திரும்பினாள், அடித்தாள். எதிர் அணிக் கோல்காரி கையைத் தூக்கியபோது பந்து வலைக்குள் இருந்தது. அம்மா தன்னை மறந்து கைதட்டிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். மாமா மட்டும் அசையவில்லை. "நல்லாத் தயார்ப்படுத்தித்தான் விட்டிருக்கினம்" என்றார். "எங்களை அனுப்பினவன் ஒரு பந்தைக் கண்ணாலைகூடக் காட்டேல்ல."

அவள் கோல்மேல் கோல் போடப் போட எங்கள் சந்தேகம் தீரும் என்று நினைப்பீர்கள். கூடியது. பெயர் வந்தால் ஆட்கள் உதவுவார்கள், உதவி இருந்தால் ஓடுவது சுகம் என்று மாமா கணக்குச் சொன்னார். உள்ளூர்ப் பத்திரிகையில் அவள் படம் வந்த அன்று அப்பா அதை வெட்டி எடுத்துப் பத்திரப்படுத்தினார். பெருமைக்கு என்று நினைத்தேன். காணாமல் போனால் பொலிசுக்குக் கொடுக்க ஒரு நல்ல படம் வேண்டுமே என்றார்.

ஆட்டம் இல்லாத ஒரு வார இறுதி வந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் மிர்லின் என்னைத் தன் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். பிரெஞ்சுக் கிளப் ஒன்றின் ஆள் சிட்னிக்கு வந்திருக்கிறாராம், ஞாயிறு காலை சிலரை விளையாட வைத்துப் பார்ப்பாராம். சீசன் நடுவில் வேறு கிளப்புக்குப் போய் விளையாடிக் காட்டினால் இங்கே அணியிலிருந்து தூக்கிவிடுவார்கள், அதனால் யாருக்கும் சொல்லாதே என்றாள். தொலைபேசியில் பஸ் ரிக்கற்றைக் காட்டி, எந்த இடத்தில் ஏற வேண்டும் என்று வாசித்துச் சொல்லச் சொன்னாள். வாசித்தேன். சனி காலை, மெல்பனிலிருந்து சிட்னி. போவதற்கு மட்டும்தான் ரிக்கற்.

அன்றிரவு நான் வாய் திறக்கவில்லை. அதை இன்றைக்கும் எனக்குச் சாதகமாகச் சொல்லிக்கொள்வேன். காலையில் முன்கதவு மெல்லச் சாத்தப்படும் சத்தம் கேட்டதும் என்னால் முடியவில்லை. குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த அப்பாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திரும்பி வர ரிக்கற் இல்லை என்பதையும் சொன்னேன். அம்மா முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து வந்து நித்திரை. அப்பா ஃபிரிட்ஜ் கதவில் இருந்த கடதாசியைக் கழற்றினார். இப்போது அந்த இலக்கத்துக்கு அடிப்பார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"கார் திறப்பை எடுத்துக்கொண்டு வா" என்றார்.

அப்பா காரை வேகமாக ஓட்டினார். அவளைப் பிடித்துக்கொண்டு வரப் போகிறோம் என்று எனக்குப் புரிந்தது. காட்டிக்கொடுத்தது நான் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். மெல்பன் சிற்றியில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே காரை நிறுத்தி, என்னை உள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டு அப்பா தெருவைக் கடந்தார். கண்ணாடிக்குக் கீழே குனிந்திருந்து பார்த்தேன்.

அவரைக் கண்டதும் மிர்லின் எழுந்து நின்றுவிட்டாள். பையை நெஞ்சோடு பிடித்தாள். அப்பா தனக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தையும் இரண்டு கைகளையும் வைத்து ஏதோ சொன்னார். அவள் வேகமாக மறுத்தாள், தொலைபேசியைக் காட்டினாள். அப்பா அதைப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்த கடதாசியை எடுத்து, தூணில் வைத்து அதன் பின்புறத்தில் நிறைய எழுதினார். எழுதியதை அவள் கையில் கொடுத்து விரல்களை மூடிவிட்டார். பிறகு தன் தடித்த ஜாக்கெற்றைக் கழற்றி அவள் தோளில் போட்டார். அவள் வேண்டாம் என்றாள். பஸ் வந்தது. அவள் ஏறினாள். பஸ் மூலை திரும்பும்வரை அப்பா சேர்ட்டோடு குளிரில் நின்றார்.

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. காருக்குள் வந்ததும், கிளப்புக்கு அடிக்கவில்லையா என்று கேட்டேன். கடதாசியை அவளிடம் கொடுத்துவிட்டேன் என்றார். அதில் என்ன எழுதினார் என்று கேட்டேன்.

"சிட்னியில என்ரை கேஸ் பேசின லோயரின்ரை நம்பர்" என்றார். "பயப்பிடாமல் போய்க் கதைக்கச் சொன்னனான்."

எனக்கு எல்லாம் தெளிவாயிற்று. உதைபந்தாட்டக்காரர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்குமுன் ஒரு லோயரிடம் காட்ட வேண்டும் என்று மிர்லின் எனக்குச் சொல்லியிருந்தாள். அப்பா அவள் சொன்னதை நம்பிவிட்டார், அவள் தெரிவாகிவிடுவாள் என்றுகூட நம்புகிறார். கடைசியில் எங்கள் வீட்டில் ஒருவராவது அவளை நம்பினாரே என்று எனக்கு அழுகை வரும்போல் சந்தோஷமாக இருந்தது. நாங்கள் இன்றைக்கு ஒருவரையும் காணவில்லை என்று அப்பா சொன்னதற்கும் உற்சாகமாகத் தலையாட்டினேன். கிளப்புக்குத் தெரியக்கூடாதல்லவா.

மிர்லின் பக்கத்தில் கிளேட்டனில் அணித் தோழி ஒருத்தி வீட்டில் நிற்கிறாள் என்று அப்பா அம்மாவுக்கும் மாமாவுக்கும் சொன்னார். அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மாமா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஓடிப்போட்டாள்" என்றார். வென்றவரின் குரலாக அது இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பா எங்களை த பேசின் என்ற இடத்தில் உள்ள பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தேங்காய் உடைத்தார். அவள் கோல் போட வேண்டும் என்றுதான் உடைக்கிறார் என்று எண்ணி நானும் கண்ணை இறுக்கி மூடிக் கும்பிட்டேன். அந்த இரண்டு நாளும் வீட்டுத் தொலைபேசி அடித்தால் அப்பா எழுந்து முற்றத்துக்குப் போய்விடுவார்.

நான் இப்போது அதே கிளேட்டனில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். அப்பாவின் குடியுரிமைக் கடிதம் அடுத்த வருடம் வந்தது. அவரும் சின்னக் கொடியோடு படம் எடுத்தார். அதற்கு முன்பே மிர்லின் பிரான்சுக்குப் போய்விட்டாள். முதலில் இரண்டாம் பிரிவுக் கிளப் ஒன்று, இப்போது அதைவிடப் பெரியது. நாட்டு அணியிலும் அவளுக்கு ஓர் இடம் உண்டு. அவள் ஆடுவதை அப்பா தொலைக்காட்சியில் பார்க்கும்போது மாமாவைக் கூப்பிடுவதில்லை.

அந்த வார இறுதி முடிந்து திங்கட்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டு அழைப்பு மணி அடித்தது. அப்பாதான் கதவைத் திறந்தார், நான் அவருக்குப் பின்னால் நின்றேன். மிர்லின். கொஞ்சம் நொண்டிக்கொண்டு, சப்பாத்தெல்லாம் சேறு, அப்பாவின் ஜாக்கெற் தொடைவரை தொங்க, முகமெல்லாம் சிரிப்பு. அப்பா வழியை விட மறந்து நின்றார்.

"ஏன் பிள்ளை திரும்பி வந்தனீ?" என்றார் தமிழில், மிக மெதுவாக.

மிர்லின் என்னைப் பார்த்தாள். வீட்டில் அவளுக்குத் தமிழை ஆங்கிலமாக்குவது என் வேலை. அப்பாவுக்குக் களைப்பில் வாய் தடுமாறிவிட்டது என்று நினைத்தேன். திரும்பி வந்த ஒருத்தியிடம் யாராவது அப்படிக் கேட்பார்களா? ஆகவே அவர் கேட்டிருக்க வேண்டியதை நானே திருத்தி, எப்படி விளையாடினாய் என்று அப்பா கேட்கிறார் என்றேன். அவள் வாசலில் நின்றபடியே மூச்சுவிடாமல் சொல்லத் தொடங்கினாள், முதல் கோல், இரண்டாவது கோல், அந்தப் பிரெஞ்சு மனிதர் அவள் பெயரை எழுதிக்கொண்டது. அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு அவ்வளவையும் கேட்டார். அவர் கண் கலங்கியிருந்ததைக் கண்டு, சரியாகத்தான் மொழிபெயர்த்திருக்கிறேன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.