துடைப்பம் காணாமல் போன வாரம்

எனக்கு எழுத்து தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் போனில் பேசிப் பதிந்து ஷார்ஜாவுக்கு அனுப்புவேன், மருமகள் கேட்டு எழுதுவாள். மகனுக்குத் தமிழ் பேச மட்டும்தான் வரும், எழுதுவதெல்லாம் மலையாளம். மருமகள் திருநெல்வேலிப் பெண். நான் உளறுவதைக் குளிப்பாட்டித் தலைசீவி எழுதிவிடுவாள். ஆட்கள் பேசினதை மட்டும் பேசினபடியே விடு என்று சொல்லியிருக்கிறேன். இல்லாவிட்டால் என் நாத்தனார் பேச்சில் காரம் போய்விடும்.

எங்கள் வீடு மட்டாஞ்சேரியில், இரண்டு மிளகுக் கிடங்குகளுக்கு நடுவே போகிற சந்தில் இருக்கிறது. ஒரு கிடங்கு பூட்டிக் கிடக்கிறது. மற்றதில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து காப்பி குடிக்கிறார்கள். ஒரு காப்பிக்கு அவ்வளவு நேரம் உட்காருவார்கள், பார்க்க எனக்கே அலுப்பாக இருக்கும். சந்தில் முன்பு தமிழ் பேசுகிற வீடு ஆறு இருந்தது. இப்போது நான் ஒருத்தி.

என் வீட்டுக்காரர் கார்ப்பரேஷனில் தெரு கூட்டுகிற வேலை பார்த்தவர். வேலை முடிந்து வீட்டில் உட்கார்ந்த பிறகு, வாசகசாலை மாடியில் வயதானவர்களுக்கு நடத்திய கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனார். வகுப்பில் கொடுத்த பிஸ்கட்டுக்காகத்தான் போகிறார் என்று நான் நினைத்தேன். அப்படியில்லை, உண்மையாகவே கற்றுக்கொண்டார். மகன் ஒரு கம்ப்யூட்டர் வாங்கித் தந்தான். அதில் படங்களையும் வீடியோக்களையும் ஃபோல்டர் ஃபோல்டராக அடுக்கினார். எனக்குப் படிக்க வராதே, அதனால் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் முகப்பில் ஒரு படம் வைத்தார். மகன் கல்யாணத்துக்குக் குத்துவிளக்கு. கும்பளங்கிக்குப் போய் மீன் சாப்பிட்டு வந்ததற்குச் சீன வலை. பேரப்பிள்ளைகளுக்கு ஆனை, ஏனென்றால் இரண்டும் ஆனை மாதிரி சாப்பிடும். அவருடைய சொந்த வீடியோக்களுக்கு மட்டும் அவரே போட்டோ எடுத்த படம். கடைசி நாள் வேலைக்குக் கொண்டுபோன நீளக் கம்புத் துடைப்பம், கிடங்குச் சுவரில் சாய்ந்து நிற்கும்.

"போயும் போயும் துடைப்பமா? விடிஞ்சு எந்திரிச்சு இதையா பாக்கணும்?" என்றேன்.

"உனக்கு முப்பது வருஷம் சோறு போட்டது இதுதான்டீ. கும்பிட்டுட்டுத் திற" என்றார்.

அவர் போய் மூன்று வருஷமாகிறது. தினமும் நாலு மணிக்குக் கம்ப்யூட்டரைத் திறந்து, துடைப்பத்தைத் தொட்டு, அதில் ஒரு வீடியோவை ஓடவிடுவேன். ஒரு நிமிஷம்கூட வராது. அலமாரியில் கேமராவை வைத்துவிட்டு, ஓடுகிறதா என்று மூக்கை அதனிடம் கொண்டுவந்து பார்ப்பார். பிறகு போய் நாற்காலியில் உட்கார்ந்து, அடுக்களைப் பக்கம் திரும்பி, "சாயா ஆச்சா?" என்று கேட்பார். பதில் வராது. அடுக்களையில் அப்போது நான் இருந்தேன். அன்றைக்கு அவர் மேல் ஏதோ கோபம், அதனால் வாய் திறக்கவில்லை. எதற்குக் கோபம் என்று இப்போது எவ்வளவு யோசித்தாலும் நினைவு வரவில்லை. ஆகவே தினமும் நாலு மணிக்கு அவர் கேட்டதும், "ஆச்சு" என்று சொல்லிவிடுவேன். பல நாள் வீட்டுக்குள் நான் பேசுகிற ஒரே வார்த்தை அதுதான்.

போன லீவுக்கு மகன் வந்தபோது கம்ப்யூட்டர் கரகர என்று சத்தம் போட்டது. டிஸ்க் போகப்போகிறது, உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்று பயந்து, செங்கல் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி வாங்கி வந்தான். வைஃபை பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து, எல்லா ஃபோல்டரையும் அதற்குள் மாற்றினான். இனி ஷார்ஜாவிலிருந்தும் பார்க்கலாமாம். பழைய டிஸ்க்கைத் துடைத்துச் சுத்தமாக்கிவிட்டு, மறுநாள் விடியற்காலை விமானம் ஏறினான். அவன் செய்தது நல்ல காரியம். பிள்ளை பொறுப்பானவன். மருமகள் இதை அவனுக்குப் படித்துக் காட்டுவாள் என்பதற்காகச் சொல்லவில்லை.

அன்று நாலு மணிக்குத் திறந்தேன். குத்துவிளக்கு இல்லை, வலை இல்லை, ஆனை இல்லை, துடைப்பம் இல்லை. எல்லாம் ஒரே மாதிரி மஞ்சள் உறை. கல்யாண வீட்டு வாசலில் கழற்றிப்போட்ட செருப்பெல்லாம் ஒரே நிறமாக இருந்தால் எப்படி இருக்கும், அப்படி. துடைப்பம் எப்போதும் இரண்டாம் வரிசையில் கடைசி. அந்த இடத்தில் இருந்ததைத் திறந்தால் பேரப்பிள்ளைகளின் படங்கள். வரிசையும் மாறிப்போயிருந்தது. வீடியோ இருக்கிற ஃபோல்டர் ஒன்றைத் திறந்தால், முன்பெல்லாம் சின்னச் சின்ன முகமாகத் தெரிவது இப்போது எல்லாம் ஒரே ஃபிலிம் துண்டு. எது கல்யாணம், எது கருமாதி என்று தெரியவில்லை.

மகனுக்கு போன் போட்டேன்.

"அடியில பேரு எழுதியிருக்கும்லம்மா, பாத்து..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். பிறகு, "போன் கேமராவை ஸ்க்ரீனுக்குக் காட்டுங்க" என்றான். காட்டினேன்.

"அப்பா ஒண்ணுக்கும் பேரே வைக்கலம்மா. எல்லாத்துலயும் 'புது ஃபோல்டர்'னுதான் இருக்கு."

"உங்கப்பா எனக்காகச் செஞ்சாரு. எனக்கெதுக்குடா பேரு?"

"வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. உக்காந்து ஒவ்வொண்ணாத் தொறந்து கண்டுபிடிச்சுத் தரேன்."

வியாழக்கிழமை திதி. பள்ளுருத்தியிலிருந்து நாத்தனார் வருவாள். போன இரண்டு திதிக்கும் வந்தாள். ஆனால் அவள் இரண்டு கண்ணிலும் புரை இருந்ததால், வீடியோவைக் காதால் கேட்டுவிட்டுப் போனாள். போன மாதம்தான் ஆப்பரேஷன் ஆனது. "இந்தத் திதிக்கு அண்ணன் மூஞ்சியப் பாக்கணும், மதினி. அதுக்குத்தான் கண்ணையே தொறந்துவிட்டேன்" என்று போனில் சொல்லியிருந்தாள். அவளுக்கு எழுபத்தெட்டு வயது. அடுத்த திதிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் எப்படிச் சொல்வேன்?

நானே தேடுவது என்று உட்கார்ந்தேன். திறந்து பார்த்ததையே மறுபடி திறக்காமலிருக்க ஒரு வழி தோன்றியது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு ஸ்டிக்கர் பொட்டு அட்டை கிடந்தது, மூன்று வருஷமாகத் தொடாதது. அதிலிருந்து ஒவ்வொன்றாக உரித்து, திறந்து பார்த்த ஃபோல்டர் மேல் ஸ்க்ரீனில் ஒட்டினேன். எனக்கே என்னைப் பற்றிப் பெருமையாக இருந்தது. பத்துப் பன்னிரண்டு ஒட்டியிருப்பேன், மவுஸின் சக்கரம் விரலில் பட்டுவிட்டது. ஃபோல்டரெல்லாம் மேலே ஓடிப்போனது. பொட்டு மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

சிரித்தேன். சிரிப்பு முடிந்தபோது நாலு மணி தாண்டியிருந்தது. அன்றைக்கும் அதற்கு மறுநாளும் அவர் ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் பேசாமலிருந்தால் தொண்டையே ஒட்டிக்கொள்கிறது. மீன்காரி வந்தபோது வேண்டாத மீனுக்கு விலை கேட்டு நிறுத்திவைத்தேன்.

புதன்கிழமை காலையில் மகன் சொல்லி ஒரு பெண் வந்தாள். காயலுக்கு அக்கரையில் பிராட்வேயில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாளாம். நாற்பது வயது தாண்டினவள், மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே ஸ்க்ரீனைப் பார்த்துவிட்டாள்.

"என்ன அம்மே, கம்ப்யூட்டருக்கு அம்மை போட்டிருக்கா?"

"வேப்பிலை கட்டத்தான் உன்னைக் கூப்பிட்டிருக்கு மோளே, உக்காரு."

நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் ஒவ்வொரு பொட்டாக நகத்தால் எடுத்து, தூர எறியாமல், ஸ்க்ரீனின் ஓரத்துச் சட்டத்தில் வரிசையாக ஒட்டிவைத்தாள். அதைப் பார்த்ததும் இவள் கை நல்ல கை என்று எனக்குப் பட்டது. பிறகு மகனோடு போனில் பேசிக்கொண்டே என்னென்னவோ தட்டினாள்.

"ஒண்ணும் அழியல அம்மே. ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளயும் ஒரு சீட்டு இருக்கும், இன்ன படத்தைப் போடுன்னு. வாசல்ல ஒரு அடையாளமும் இருக்கும், உள்ள சீட்டு இருக்கு, எட்டிப் பாருன்னு. பெட்டிக்கு மாறினப்போ சீட்டும் படமும் வந்திருச்சு, வாசல் அடையாளம் மட்டும் விட்டுப்போச்சு."

"அடையாளம் இல்லாத வீட்டுல கம்ப்யூட்டரு எட்டிப் பாக்காதா?"

"பாக்காது. ரொம்ப மரியாதைக்காரன்."

அவள் தட்டத் தட்ட, குத்துவிளக்கு வந்தது. வலை வந்தது. ஆனை வந்தது. காலையில் சந்தில் ஒவ்வொரு வீடாகக் கதவு திறக்குமே, அப்படி இருந்தது. அந்தக் காலத்துச் சந்தில். வீடியோக்களில் முகம் தெரியாததற்கு வேறு காரணமாம். முகம் வேண்டாம், குறி மட்டும் போதும் என்று ஏதோ ஒரு கட்டத்தில் டிக் விழுந்திருக்கிறது. அதை எடுத்ததும் முகங்கள் வந்துவிட்டன.

ஒன்றே ஒன்று மட்டும் மஞ்சளாகவே நின்றது.

அவள் அதன் உள்ளே போய்ப் பார்த்தாள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். "அம்மே, இதுக்கு மட்டும் படத்தை உள்ள வைக்கல. வேற எடத்துல வச்சுட்டு, சீட்டுல அந்த எடத்தை எழுதியிருக்கார். மொதல்ல செஞ்சது இதாயிருக்கும், அப்போ வழி தெரிஞ்சிருக்காது. அந்த எடம் பழைய டிஸ்க்ல. அதைத் துடைச்சாச்சு."

போனில் மகன், "அம்மா, நான் பாக்கல, எனக்குத் தெரியாமப் போச்சும்மா" என்றான். அந்தத் துடைப்பத்துக்கு வேறு போட்டோ எங்கேயும் இல்லை. துடைப்பமே கார்ப்பரேஷனுக்குத் திரும்பிப் போய்விட்டது.

"விடுடா. உள்ள உங்கப்பா இருக்காரான்னு மொதல்ல பாக்கட்டும்" என்றேன்.

அந்தப் பெண் திறந்தாள். முதல் முகமே ஒரு மூக்கு. பெரிய மூக்கு, ஸ்க்ரீன் நிறைய.

நாத்தனார் வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே, "சந்தெல்லாம் இவ்வளவு அழுக்கா இருக்கு மதினி. கண்ணு தெரியாமலே இருந்திருக்கலாம்" என்றாள். படையல் முடிந்து, இலை எடுத்து, கம்ப்யூட்டர் முன்னால் அவளை உட்காரவைத்தேன். சட்டத்தில் இருந்த பொட்டு வரிசையைப் பார்த்து, "இதென்ன, டிவிக்குச் சீமந்தமா?" என்றாள். பிறகு ஃபோல்டர்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்து, மஞ்சளில் நின்றாள்.

"இதுதான் அண்ணனா?"

"எப்படித் தெரிஞ்சுது?"

"எல்லாம் சிங்காரிச்சு நிக்குது. இது மட்டும் உன்னை மாதிரி வெறும் நெத்தியா நிக்குதே."

அவள் எப்போதும் அப்படித்தான் பேசுவாள். எனக்குக் கோபம் வரவில்லை. அதைத் தொட்டேன்.

மூக்கு வந்தது, பின்னால் போனது, ஆள் ஆனது. நாத்தனார் கண்ணைக் கொட்டாமல் பார்த்தாள். "இவ்வளவு கறுப்பாவா இருந்தான்? எங்கம்மா மாநிறம் மாநிறம்னு சொல்லி உன்னைக் கட்டிவச்சுட்டாளே." சொல்லிக்கொண்டே முந்தானையை எடுத்தாள். ஆப்பரேஷன் ஆன கண்ணைத் துடைக்கக் கூடாது என்று நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சாயா ஆச்சா?" என்றார் அவர்.

அவள் இருக்கும்போது பதில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தேன், அன்றைக்கு அடுக்களையில் இருந்த மாதிரியே. வீடியோ நின்றது.

நாத்தனார் என் பக்கம் திரும்பினாள். "கேக்குறான்ல. பதில் சொல்லு."

மறுபடி ஓடவிட்டேன். அவர் கேட்டார். "ஆச்சு" என்றேன். "ஆச்சுண்ணே, வருது" என்று அவளும் சொன்னாள், என்னைவிடச் சத்தமாக. இந்த வீட்டில் அவருக்கு இரண்டு பேர் ஒன்றாகப் பதில் சொல்லி எத்தனை வருஷமாயிற்று.

நாலரை மணி பஸ்ஸுக்கு அவளை ஏற்றிவிட்டுத் திரும்பினேன். காப்பிக் கடையில் ஒரு வெளிநாட்டுக்காரி தனியாக உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள், நானும் சிரித்தேன். வீடு வந்து விளக்குப் போட்டேன்.

பிராட்வேக்காரி போன வாரம் போன் செய்து, அந்த ஒன்றுக்கு என்ன படம் போடட்டும், அங்கிருந்தபடியே போட்டுத் தருகிறேன் என்று கேட்டாள். மகனும் கேட்கிறான். வேறு ஒரு துடைப்பத்தைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன் என்கிறான், பாவம், ஷார்ஜாவில் துடைப்பம் தேடிக்கொண்டு. நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். படமில்லாதது எதுவோ அதுதான் அவர் என்று என் விரலுக்குப் பழகிவிட்டது.

போதும் மகளே, நிறுத்திக்கொள்கிறேன். நாலு மணி ஆகப்போகிறது, அடுப்பில் பால் இருக்கிறது.