மில்லி அக்காவின் மிச்சக் கணக்கு

தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கென்று ஒரு பேர் இருந்தது, ஆனால் அது சம்பளப் பட்டியலோடு சரி. மற்ற எல்லாருக்கும் அவள் மில்லி அக்கா. ஒரு மில்லி கூடினாலும் குறைந்தாலும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். சேர்ந்த புதிதில் ஒரு முனைவர் பட்ட மாணவரிடம், "கோட்டுக்கு மேல ஊத்தியிருக்கீங்க" என்று சொல்லப்போக, அவர் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான்காம் நாள் அவரே சோதனைக் குழாயைத் தூக்கிக்கொண்டு அளவு பார்க்கச் சொல்லி வந்து நின்றார்.

பதினோரு வருஷம் மரபணுப் பிரிவில் இலை அரைத்தாள். இது என்ன பெரிய வேலை என்று கேட்பவர்களை அவளிடம் அனுப்பிவைக்க வேண்டும். பறித்த கொழுந்து கறுத்துவிட்டால் உள்ளே இருக்கும் டி.என்.ஏ. எதற்கும் ஆகாது. பனிக்கட்டிப் பெட்டியில் ஓட்டமாய்க் கொண்டுவந்து, திரவ நைட்ரஜனை ஊற்றி, புகை அடங்குவதற்குள் மாவாய் அரைத்துவிட வேண்டும். அந்தக் குளிரில் அவளுக்கு இரண்டு விரல்கள் தோலுரிந்து தேறின. அவள் அரைத்த இலைகளிலிருந்துதான் பிரிவின் தலைவி, எல்லாரும் 'ஜீன் மேடம்' என்று கூப்பிடுகிறவர், பதினேழாம் எண் செடியைக் கண்டுபிடித்தார். மற்றச் செடிகளில் பாதித் தூக்கத்தில் கிடக்கும் ஒரு மரபணு இதில் முழுமூச்சாக வேலை செய்தது. இலையில் கசப்புச் சத்து இரண்டு மடங்கு. சர்க்கரை நோய்க்கு நல்லதாக இருக்கலாம் என்று மேடம் எழுதினார். இயக்குநரின் மேசையைத் தாண்டி வெளியே வந்தபோது அந்த 'இருக்கலாம்' காணாமல் போயிருந்தது.

சோதனை தொடங்கியது. நாற்பது சர்க்கரை நோயாளிகள் தொண்ணூறு நாள் தினமும் காலையில் நிலையத்துக்கு வந்து பதினேழாம் எண் டீ குடிக்க வேண்டும். ஆளுக்கு நூற்றைம்பது மில்லி, சர்க்கரை கிடையாது, வெளியே வேறு டீ, காபி தொடவே கூடாது. டீ போட அளவு தப்பாத கை வேண்டும் என்று மில்லி அக்காவை இந்தச் சோதனைக்கு மாற்றினார்கள். நோட்டில் 'கொடுத்தது' என்று ஒரு கட்டம், 'குடித்தது' என்று ஒரு கட்டம், பக்கத்துக்கு அடியில் அவள் கையெழுத்து. குடித்ததை எழுத வேண்டுமானால் மிச்சத்தை அளக்க வேண்டாமா? ஒவ்வொரு கப்பையும் அளவு ஜாடியில் கவிழ்த்துப் பார்த்துத்தான் எழுதினாள். அவள் இப்படிச் செய்வாள் என்று யாருக்கும் தோன்றவில்லை, அதனால் யாரும் தடுக்கவும் இல்லை.

நாற்பது பேரில் முழுசாகக் குடித்தவர்கள் ஒன்பதே பேர். மற்றவர்கள் ஒரு மடக்கிலேயே முகம் சுளித்துவிட்டார்கள். அதில் இருபத்துமூன்றாம் நம்பர் அவளுடைய சொந்தத் தம்பி, பேருந்து ஓட்டுநர். அவன் கப்பில் தினமும் நூற்றுமுப்பது மிச்சம்.

"மருந்துடா, குடி."

"மருந்தா? டயரை ஊற வெச்ச தண்ணி மாதிரி இருக்குக்கா."

முடிவு வந்தபோது ஏறக்குறைய எல்லாருக்கும் சர்க்கரை இறங்கியிருந்தது. குடித்தவர்களுக்கு எவ்வளவு இறங்கியதோ, குடிக்காதவர்களுக்கும் அவ்வளவே. இயக்குநர் இதையெல்லாம் பார்த்தாரா? நாற்பது பேரையும் கூட்டி, "இனிமே இந்த டீதான் உங்க மருந்து" என்று பேசிக் கைதட்டல் வாங்கினார். அன்று சாயங்காலமே தம்பி மாத்திரை அட்டையைக் குப்பைக்கூடையில் போட்டான்.

"ஏன்டா போட்டே?"

"அதான் டீயிலயே இறங்கிடுச்சேக்கா."

"நீ எங்கடா குடிச்சே? இருபது மில்லி நாக்கை நனைக்கவே பத்தாது. வண்டி நிக்கிற இடமெல்லாம் டீ, டீக்கு மூணு ஸ்பூன் சர்க்கரைன்னு இருந்தே. அது நின்னுச்சு, இது இறங்குச்சு. இதுக்கு எதுக்குடா மரபணு?"

தம்பி சிரித்து மழுப்பினான். இதே சர்க்கரையால் முன்பு காலில் ஒரு புண் ஆறுவதற்கு மூன்று மாதம் படுத்துக் கிடந்தவன். கூடப் பிறந்தவனே இப்படி என்றால், 'சர்க்கரைக்கு மருந்து' என்று பெட்டியில் அச்சடித்து விற்கும்போது எத்தனை பேர் மாத்திரையைத் தூக்கி எறிவார்கள்? நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

அடுத்த வாரம் இயக்குநர் கூப்பிட்டார். மேசையில் தொண்ணூறு புதுப் பக்கங்கள். 'குடித்தது' கட்டம் முழுக்க 150, 150, 150.

"உங்க நோட்டு ஒரே கறையா இருக்கு. சுத்தமா எழுத வெச்சிருக்கேன். கையெழுத்து மட்டும் போடுங்க."

"கறை டீக்கறைதான் சார். ஆனா இதுல எண்ணே மாறியிருக்கே."

"நாலு பேர் குடிக்கலைன்னா என்ன, குடி முழுகிப் போச்சா?"

"முப்பத்தோரு பேர் சார்."

"மாசக் கடைசியோட உங்க ஒப்பந்தம் முடியுது. ஞாபகம் இருக்கில்ல?"

"நல்லாவே இருக்கு. அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போடாதீங்க. பொய்க்கு என் கையெழுத்து வராது."

நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். தாழ்வாரத்தில் ஜீன் மேடம் வழிமறித்தார். "என் பத்து வருஷ உழைப்புக்கா. கொஞ்சம் விட்டுக்கொடுங்களேன்."

"உங்க செடி மேல ஒரு குத்தமும் இல்ல மேடம். 'இருக்கலாம்'னுதானே எழுதினீங்க? அதையே வாயால சொல்லுங்க, போதும்."

மேடம் தரையைப் பார்த்தபடி நகர்ந்தார். இயக்குநரைவிட அவர் மேல்தான் மில்லி அக்காவுக்குக் கோபம் அதிகம் வந்தது.

டீயை மருந்தென்று விற்க அனுமதி தரலாமா என்று பார்க்க வெளியிலிருந்து ஐந்து பேர் குழு வந்தது. தலைவர் ஒரு மூத்த பெண் மருத்துவர். புதுப் பக்கங்களில் வேறு யாரோ கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மில்லி அக்காவுக்கு உள்ளே நாற்காலி கிடையாது, டீ கொண்டுபோகும் வேலை மட்டும். கொண்டுபோனாள். பதினேழாம் எண், ஆளுக்கு நூற்றைம்பது, சர்க்கரை இல்லை, இயக்குநருக்கும் சேர்த்து ஆறு கப்.

"நாற்பது பேரும் கடைசிச் சொட்டு வரை குடித்தார்கள்" என்று இயக்குநர் திரையைக் காட்டி முழங்கிக்கொண்டிருந்தார். குழுவினர் ஒரு மடக்கு குடித்துவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, நாசூக்காகக் கப்பைத் தள்ளி வைத்தார்கள். பேச்சு முடிந்ததும் மில்லி அக்கா அளவு ஜாடியோடு வந்து, முதலில் மருத்துவரின் கப்பைக் கவிழ்த்தாள், அடுத்து அவருக்குப் பக்கத்தில் இருந்தவருடையதை.

"உங்களுது நூத்தி இருபது மிச்சம் மேடம். சார், உங்களுது நூத்தி முப்பத்தஞ்சு."

"என்ன பண்றீங்க? வெளிய போங்க!" என்று பாய்ந்தார் இயக்குநர். குழுவைப் பார்த்து, "இவங்க சும்மா டீ போடுறவங்க" என்றார்.

"ஆமா, டீ போடுறவதான். அதனாலதான் யார் குடிச்சாங்க, யார் குடிக்கலைன்னு எனக்குத் தெரியும்." கறை படிந்த நோட்டை மருத்துவர் முன்னால் வைத்தாள்.

மருத்துவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு ஓரமாக உட்கார்ந்திருந்த ஜீன் மேடத்திடம் கேட்டார்: "ரெண்டுல எது உண்மை?"

மேடம் கறை படிந்த பக்கத்தைச் சுட்டிக்காட்டினார். "நோட்டு" என்றார்.

"அப்போ எங்க ஆறு பேர் கணக்கையும் இதுலயே எழுதிடும்மா" என்றார் மருத்துவர்.

ஐந்து பேருக்கு எழுதி முடித்தாள். ஆறாவது இயக்குநரின் கப். மேலே மெல்லிய படலம் படிந்து ஆறிப்போயிருந்தது. ஜாடியில் ஊற்றினாள், சரியாகக் கோட்டில் வந்து நின்றது.

"நூத்தம்பதும் மிச்சம்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லி, அவருக்கு நேரே 'குடித்தது' கட்டத்தில் ஒரு பெரிய சுழியம் போட்டு, அடியில் கையெழுத்திட்டாள்.