இடுப்பில் ஒளிந்திருந்த நோவை முருகன் காட்டிக்கொடுத்தான்

முருகனை நம்பியிருக்கும் சொந்தங்களே, வடக்குத்து கிராமத்திலிருந்து ஒரு தாய் பேசுகிறேன்.

போன கார்த்திகை மாதம். என் ஐந்து வயது மகள் யாழினி பள்ளி விட்டு நொண்டிக்கொண்டே வந்தாள். "முட்டி வலிக்குதும்மா" என்றாள். எங்கேயும் விழவில்லை. மறுநாள் காய்ச்சலும் வந்தது. பக்கத்து கிளினிக்கில் முட்டியை எக்ஸ்ரே எடுத்து, எலும்பு நன்றாக இருக்கிறது என்று மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த நாள் காலையில் அவளால் காலை ஊன்றவே முடியவில்லை. உடம்பு அனலாய்க் கொதித்தது.

"சுளுக்குதான் அண்ணி. முத்தாண்டிக்குப்பத்துல ஒருத்தரு இருக்காரு. இட்டுகினு போய் எண்ணெ போட்டு நீவினா சரியாப் பூடும்" என்றாள் நாத்தனார். என் கணவர் நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் போயிருந்தார். பிள்ளை இனி நடப்பாளா? அவள் சொன்னபடி முத்தாண்டிக்குப்பம் போகும் வழியில் டவுன்ஷிப் முருகன் கோயிலில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன்.

"முருகா, எனக்கு ஒண்ணும் தெரியல. எங்க போவணும்னு நீயே சொல்லு" என்று அழுதேன். திருநீறு வாங்குவதற்காக மகளைத் தரையில் நிறுத்தினேன். வீலென்று கத்தினாள்.

பக்கத்தில் கும்பிட்டுக்கொண்டிருந்த பெண் திரும்பினார். "நான் குழந்தைங்க டாக்டர்மா. லீவுல அப்பா குவார்ட்டர்ஸுக்கு வந்திருக்கேன். பாக்கட்டுமா?"

மண்டபத்தில் படுக்க வைத்து முட்டியை அழுத்தினார். யாழினி பேசாமல் கிடந்தாள். தொடையை லேசாகத் திருப்பினார். அலறிவிட்டாள்.

"நோவு இடுப்பு மூட்டுல இருக்கும்மா. இடுப்பு வலிச்சாலும் குழந்தைங்க முட்டியக் காட்டுவாங்க. காய்ச்சலோட கால ஊன முடியலன்னா உள்ள சீழ் இருக்கலாம். நீவவே கூடாது. இப்பவே புதுச்சேரி போங்க" என்றவர், அங்கிருந்த எலும்பு மருத்துவருக்கு அவரே போன் செய்தார்.

என் கணவர் ஷிஃப்டைப் பாதியில் விட்டு ஓடி வந்தார். புதுச்சேரியில் ரத்தம் எடுத்தார்கள், இடுப்பை ஸ்கேன் செய்தார்கள். மூட்டுக்குள் சீழ்! அன்று மாலையே ஆபரேஷன். வெளியே உட்கார்ந்திருந்த என் வாயில் "முருகா" தவிர வேறு சொல் வரவில்லை.

மருத்துவர் வந்து, "நல்ல நேரத்துல கொண்டாந்தீங்க. தாமதிச்சிருந்தா மூட்டே கெட்டுப்போயிருக்கும்" என்றார். மைன்ஸ் புழுதி படிந்த சட்டையோடு என் கணவர் அங்கேயே விழுந்து கும்பிட்டார்.

பல வாரம் மருந்து, பிறகு நடைப்பயிற்சி. பங்குனி உத்திரத்தன்று யாழினி மஞ்சள் பாவாடை கட்டிப் பால்குடம் எடுத்தாள். நடந்தாள் என்றா சொல்வேன்? எங்களையெல்லாம் முந்திக்கொண்டு போனாள்! "மெதுவாப் போடி, பாலு ஊத்திக்கப் போவுது!" என்று சிரிப்பும் கண்ணீருமாக நாத்தனார் பின்னாலேயே ஓடினாள்.

இப்போது எங்கள் தெருவில் எந்தப் பிள்ளை நொண்டினாலும் முதல் ஆளாய்ப் போய் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். உங்களுக்கும் சொல்கிறேன்: பிள்ளை நொண்டினால் சுளுக்கு என்று இருந்துவிடாதீர்கள். முருகனைக் கும்பிடுங்கள். கும்பிட்ட கையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள். உங்களுக்கு முன்னால் அவன் போய் நிற்பான்.