ஒரு பல்லுக்கு ஏழு மெசேஜ்

கணினி வேலைக்கு வருமுன் பதினெட்டு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள் அவள். ஒரு பிள்ளையின் பெயரும் நினைவில் நின்றதில்லை. "ஏய், மூணாவது பெஞ்சு" என்றே காலத்தை ஓட்டினாள். ஆகவே, நிரல் எழுதும்போது பெயரே வைக்காமல் ஒரு ஃபங்ஷனை, அதாவது ஒரு வேலையைச் செய்துமுடிக்கும் கட்டளைத் துண்டை, எழுதலாம் என்று தெரிந்ததும் தலைகால் புரியவில்லை. வேலை நடக்க வேண்டிய இடத்திலேயே நாலு வரி எழுதினால் தீர்ந்தது. தன்னை மேதை என்றே நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு ஒன்பது நாள் தாங்கியது.

ஒரு பல் மருத்துவருக்கு அவள் செய்துகொடுத்த மென்பொருளில் 'நினைவூட்டு' என்று ஒரு பட்டன். அழுத்தினால் நோயாளிக்கு ஒரு மெசேஜ் போகும். பத்தாம் நாள் காலை, அதே மருத்துவரிடம் பல் காட்டிவந்த பெரிய நாத்தனார் போனில் பிடித்தார்.

"எனக்கு இருக்கறது ஒரே ஒரு சொத்தைப் பல்லு. ஏழு மெசேஜ் வந்திருக்கு. வரிசையோட புடுங்கப் போறாரா உங்க டாக்டரு?"

"கம்ப்யூட்டர் கோளாறு அண்ணி. வேற யாரோ எழுதுனது" என்றாள், கூசாமல்.

மென்பொருளில் அந்தப் பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் பட்டனோடு ஒரு புது ஃபங்ஷன் ஒட்டிக்கொண்டது; ஏழு முறை திறந்தபின் ஒருதரம் அழுத்தினால் ஏழு மெசேஜ். மூடும்போது அதை நீக்கவும் அவள் எழுதித்தான் இருந்தாள், அதே நாலு வரியைத் திரும்ப எழுதி. மதியம்வரை கமாவைக்கூட எண்ணிப் பார்த்துவிட்டு, ரோஷத்தை விழுங்கிக்கொண்டு பக்கத்து சீட்டுப் பெண்ணைக் கேட்டாள்.

"நீங்க ஒட்டுனது ஒரு ஃபங்ஷன் டீச்சர். எடுக்கச் சொல்றது இன்னொண்ணு."

"எழுத்துக்கு எழுத்து ஒண்ணாத்தானேம்மா இருக்கு?"

"ரெட்டைப் பிள்ளைங்க ஒரே ஆளாயிடுவாங்களா? பேர் வச்சிருந்தா அதைச் சொல்லி எடுத்திருக்கலாம்."

பெயர் வைக்க முக்கால் மணி நேரம் பிடித்தது. 'வேலை' என்று வைத்தாள், அழித்தாள். 'வேலை2' என்று வைத்தாள். பக்கத்து சீட்டு சிரித்தது. கடைசியில் 'நினைவூட்டலை அனுப்பு' என்று நின்றது. ஒரு அழுத்தலுக்கு ஒரே மெசேஜ். ஒருமுறை ஓடி முடிந்துபோகிற மற்ற பெயரில்லாதவற்றை அப்படியே விட்டுவிட்டாள். அவை யாருக்கும் கெடுதல் செய்யவில்லை.

மன்னிப்புக் கேட்கப் போன் செய்தபோது மருத்துவர், "பரவாயில்லம்மா, இந்த வாரம் ஒருத்தர்கூட வர மறக்கல" என்றார்.

நாத்தனாரிடமும் உண்மையைச் சொன்னாள்.

"அது அப்பவே தெரியும். எனக்குப் பயமா இருக்கு, சாயங்காலம் கூட வர்றியா?"

போனாள். பல்லைப் பிடுங்கி முடியும்வரை நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.