கிளேஸ் அந்தோணியின் முப்பது பாட்டில்

ஓய்வுபெற்ற பீங்கான் தொழிலாளர் நலச் சங்கத்தின் அவசரச் செயற்குழு சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடியது. மறைந்த உறுப்பினர் அந்தோணிசாமியின் அஞ்சலிப் பதாகையில் அவர் கையிலிருக்கும் கண்ணாடி டம்ளரை அழித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு ரோஜாப்பூவை வைப்பதென்று ஒருமனதாகத் தீர்மானித்தது. முன்மொழிந்தவர் செயலாளர். வழிமொழிந்தவர் பொருளாளர். பூவின் நிறத்தில் மட்டும் கருத்து வேறுபாடு எழுந்தது. அதைத் தீர்க்கச் செயலாளர் எனக்குப் போன் செய்தார்.

"அண்ணே, ரோஜா செவப்பா வெக்கலாமா, வெள்ளையா வெக்கலாமா?"

"யாருக்குய்யா?"

"நம்ம கிளேஸ் அந்தோணிக்குத்தான். விடியக்காலம் போயிட்டாருங்க. ஒங்களுக்கு யாரும் சொல்லலையா?"

நாற்பது ஆண்டுப் பழக்கம் முடிந்துவிட்டது என்ற செய்தி எனக்கு இப்படித்தான் வந்தது. வெள்ளை என்றேன். சிவப்பு வைத்தார்கள்.

சங்க மலருக்கு ஒரு பக்க அஞ்சலி எழுதித் தரும்படியும் செயலாளர் கேட்டார். "அந்த மேட்டரு மட்டும் வேணாம்ண்ணே" என்றார். அந்த விஷயத்தை விட்டுவிட்டால், அந்தோணிசாமி பிறந்தார், கிளேஸ் கலக்கினார், இறந்தார் என்று ஒரு வரிதான் மிஞ்சும். எனவே அந்த விஷயத்தைத்தான் எழுதியிருக்கிறேன். மலர் இதை வெளியிடாது என்று தெரியும். படிக்க வேண்டியவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரிவதால், நகல் எடுத்து நானே வீடு வீடாகக் கொடுத்துவிடுகிறேன்.

நாங்கள் இருவரும் ஒரே பீங்கான் தொழிற்கூடத்தில் வேலை செய்தோம். நான் அலுவலக எழுத்தர். அவர் கிளேஸ் பிரிவு. பீங்கானுக்குப் பளபளப்பைக் கொடுக்கும் அந்தப் பூச்சை விருத்தாசலத்தில் அவரைப் போல் கலக்க ஆளில்லை என்பார்கள். அவரும் அதையே சொல்வார். ஒருமுறை மேலதிகாரி ஒருவர் சூளை ஆறுவதற்குள் கதவைத் திறக்கச் சொன்னார். அந்தோணி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "வெந்துச்சான்னு தொறந்து பாத்தவன் ஒடைஞ்ச ஓட்டைத்தான் அள்ளுனான், சார். நீங்க தொறங்க. நான் கூடையை எடுத்துக்கிட்டு வரேன்." அதிகாரி திறந்தார். அந்தோணி கூடையோடு வந்தார்.

இருபது ஆண்டுகளாக ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவர் வீட்டில் ஒயின் உண்டு. கறுப்புத் திராட்சை, சர்க்கரை, ஒரு கைப்பிடி கோதுமை, கொஞ்சம் ஈஸ்ட். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பெரிய பீங்கான் ஜாடியில் போட்டு, துணியால் வாய் கட்டி, நாற்பது நாள் தொடமாட்டார். அவர் பிரித்து ஊற்றும்போது நம் சங்கத்தின் எல்லா மதத்தவரும் டம்ளரோடு வரிசையில் நிற்பார்கள். இன்றைய செயலாளர் இருமுறை நின்ற ஆண்டுகள் உண்டு. வீட்டில் ஒயின் தயாரிப்பது சட்டப்படி குற்றம் என்பது அந்த இருபது ஆண்டுகளில் ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை.

அவருடைய ஒரே மகள் ஸ்டெல்லா கனடாவில் இருக்கிறாள். சென்ற ஆண்டு வந்தபோது அப்பாவுக்காக ஒரு பெட்டி கொண்டுவந்தாள். வீட்டிலேயே ஒயின் தயாரிக்கும் கிட். உள்ளே கெட்டியான திராட்சைச் சாறு ஒரு பெரிய பையில், எண்ணிட்ட ஐந்து பொட்டலங்கள், மூடியில் செருகுவதற்கு ஒரு வளைந்த குழாய், முப்பது லேபிள்கள். அது லிமிடெட் எடிஷன். குறிப்பிட்ட அளவுதான் தயாரிப்பார்களாம், முன்பதிவு செய்தவர்களுக்குத்தான் கிடைக்குமாம். லேபிள்களில் ஒன்று முதல் முப்பது வரை எண் அச்சிட்டிருந்தது. அவள் அப்போது கருவுற்றிருந்தாள். குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு அப்பாவும் அம்மாவும் கனடா வர வேண்டும், வரும்போது முதல் எண் பாட்டிலைக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தோணி அடுத்த வாரமே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தார். சென்னைக்கு அப்பால் போயிராத மனிதர்.

கிட் பிரித்த அன்று ஆங்கிலக் குறிப்பேட்டைப் படித்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார். முதல் பொட்டலத்தில் இருப்பது ஒருவகைக் களிமண், ஒயினைத் தெளிய வைப்பதற்கு என்று படித்தேன்.

"களிமண்ணா?"

"அப்பிடித்தான் போட்டிருக்குது."

"ஏ மேரி, இங்க வா. ஒம் பொண்ணு கனடாலேர்ந்து பிளேன்ல மண்ணு கொண்டாந்திருக்கா. அதுவும் விருத்தாசலத்துக்கு."

அவர் மனைவி ஜெயமேரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "நல்லதாப் போச்சு. மறுபடியும் வேலைக்குப் போங்க."

நான் தொடர்ந்து படித்தேன். இரண்டாவது ஈஸ்ட். நான்காவது, நொதித்து முடிந்த பிறகு ஈஸ்டின் வேலையை நிறுத்துவதற்கு. அதை வாரங்கள் கழித்துத்தான் சேர்க்க வேண்டும். இதைப் படித்து முடிப்பதற்குள் அந்தோணி ஐந்து பொட்டலங்களையும் ஒரு தட்டில் கொட்டிக் கையால் கலந்துகொண்டிருந்தார்.

"யோவ், நாலாவது கடைசியிலய்யா."

"கிளார்க்கு, நீ பேப்பரப் படி. பவுடர நான் பாத்துக்கறேன். எந்தப் பவுடரா இருந்தாலும் காஞ்சபடியே ஒண்ணாக் கலந்துட்டுத்தான் தண்ணி. தனித்தனியாப் போட்டா திட்டுத்திட்டா நிக்கும்."

முப்பத்தைந்து ஆண்டு கிளேஸ் கலக்கிய கையிடம் ஒரு குறிப்பேடு என்ன பேச முடியும். சாற்றையும் தண்ணீரையும் மூடியுள்ள பெரிய வாளியில் ஊற்றி, பொடியைச் சேர்த்து, மூடி, குழாயைச் செருகினார். குழாயில் குமிழி வரும் என்று குறிப்பேடு சொன்னது. ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். குமிழி இல்லை. திறந்து பார்க்கலாம் என்றேன். "வெளிநாட்டு ஈஸ்ட்டு. சத்தம் போடாம வேல செய்யும்" என்றார்.

அவர் செய்த தவறு அதுவல்ல. முப்பது லேபிள் என்றால் முப்பது பேர் என்று எடுத்துக்கொண்டு, கிளேஸில் குறியிடும் பென்சிலால் வாசல் சுவரில் முப்பது பெயர்களை எண்ணோடு எழுதிவைத்தார். அதுதான் தவறு. ஒன்று ஸ்டெல்லா. நான்கு நான். சங்கத்தில் நாற்பதுக்கு மேல் உறுப்பினர்கள். ஜாடியிலிருந்து அகப்பையால் ஊற்றிய காலத்தில் யாரும் விடுபட்டதில்லை. இப்போது அந்த வாசலைக் கடந்து பால் வாங்கப் போகிறவர்கள் நின்று சுவரைப் படித்தார்கள். செயலாளர் இரண்டு முறை படித்ததை நானே பார்த்தேன். "என்னண்ணே, என்னையெல்லாம் கண்ணுக்குத் தெரியலையா?" என்று சிரித்துக்கொண்டுதான் கேட்டார். "அடுத்த பொட்டிலய்யா" என்றார் அந்தோணி. அடுத்த பெட்டி என்று ஒன்று இல்லாததுதான் லிமிடெட் எடிஷனின் பெருமை என்பது இருவருக்கும் தெரியும்.

மூன்றாவது வாரம், ரகசியத் தகவலின் பேரில் போலீஸ் வந்தது. தகவல் கொடுத்தவர் யாரென்று இன்றுவரை தெரியாது. பட்டியலில் இல்லாத பதினைந்து பேரில் ஒருவராக இருக்கலாம். பட்டியலில் இருபத்தெட்டாம் இடம் கிடைத்து மனம் புண்பட்டவராகவும் இருக்கலாம். வாளியையும், மங்கலம்பேட்டையில் வாங்கிக் கழுவிக் கவிழ்த்திருந்த முப்பது காலி பாட்டில்களையும், அந்த வளைந்த குழாயையும் கைப்பற்றினார்கள். சுவரைப் படம் பிடித்தார்கள். "இது என்னா, கஸ்டமர் லிஸ்ட்டா?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"வாளியில என்னா?"

"ஒயினுங்க" என்றார் அந்தோணி. "முப்பது பாட்டிலு வரும். நல்லா வந்திருக்குது."

அவர் அப்படித்தான். சூளையில் வைத்ததை வெளியே எடுப்பதற்கு முன்பே உத்தரவாதம் தருகிறவர்.

மாதிரிக்கு ஒரு புட்டி எடுத்துவிட்டு மீதியைப் பக்கத்துக் காலி மனையில் கொட்டி அழித்தார்கள். கால் மணி நேரத்தில் அந்த இடம் முழுக்க எறும்பு. கம்மாபுரத்துக்காரரான ஒரு காவலர், "என்னாய்யா, வெல்லப்பாகு கொட்டுன மாதிரி மொய்க்குது" என்று காலைத் தூக்கித் தூக்கி வைத்தார். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். யாரும் விரலால் தொட்டு நாக்கில் வைக்கவில்லை. எறும்புகளுக்கு ஆய்வகம் தேவைப்படவில்லை. மறுநாள் பத்திரிகையில் 'வெளிநாட்டு முறையில் சாராய ஊறல், முதியவர் கைது' என்று வந்தது. இரண்டு தெரு தள்ளி அரசு மதுக்கடை வழக்கம்போல் பகல் பன்னிரண்டுக்குத் திறந்து, வரிசை நேராக நிற்பதற்குக் கட்டை கட்டிக்கொண்டிருந்தது.

பட்டியலில் இருந்தவர்களை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். போனோம். அங்கே பெஞ்சில் அந்தோணி உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவராக அவர் முன்னாலேயே சொன்னோம். ஒருவர், அந்தாளோடு எனக்குப் பேச்சுவார்த்தையே இல்லை என்றார். அவர் மகளுக்கு வரன் பார்த்துக் கொடுத்ததே அந்தோணிதான். இன்னொருவர், என் பெயரை எழுதி என் மானத்தைக் கெடுத்துவிட்டார் என்று அவர் மீதே புகார் தர முடியுமா என்று விசாரித்தார். இருபது கிறிஸ்துமஸ் குடித்தவர்கள் யாரும், இது திருவிழாவுக்குச் செய்வது, விற்பதில்லை என்ற ஒரு வரியைச் சொல்லவில்லை. அந்த ஒரு வரி போதும் என்று வக்கீல் பிறகு சொன்னார். என் முறை வந்தபோது, "எனக்குச் சுகர், சார். இதெல்லாம் தொடுறதில்ல" என்றேன். எனக்குச் சர்க்கரை நோய் கிடையாது. அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

அன்று மாலை ஜாமீனில் வந்தார். சங்கம் அவரைத் தற்காலிகமாக நீக்கியது. அதுவும் ஒருமனதாகத்தான்.

வழக்கு நிலுவையில் இருக்கிறது என்று எழுதி பாஸ்போர்ட்டை நிறுத்திவைத்தார்கள். ஸ்டெல்லாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்தை இரண்டு முறை தள்ளிப்போட்டாள். இதற்கு மேல் முடியாது என்றபோது, ஜெயமேரி போனை ஒரு ஜாடியில் சாய்த்து வைத்தார். இருவரும் புதுத்துணி உடுத்தி அதன் முன் உட்கார்ந்து பார்த்தார்கள். நானும் இருந்தேன். குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றும் நேரத்தில் படம் நின்றுபோனது. "திரும்ப ஊத்தச் சொல்லு" என்றார் அந்தோணி.

எட்டு மாதம் கழித்து ஆய்வறிக்கை வந்தது. மாதிரியில் ஆல்கஹால் இல்லை. திராட்சைச் சாறு, சர்க்கரை, களிமண் துகள்கள். ஈஸ்டையும் ஈஸ்டை நிறுத்தும் மருந்தையும் ஒரே தட்டில் கலந்தால் அப்படித்தான் ஆகும். குறிப்பேட்டின் மூன்றாம் பக்கத்திலேயே இருக்கிறது. வக்கீல் படித்துக் காட்டியதும் அந்தோணி அறிக்கையை வாங்கி நான்காக மடித்தார். பிறகு என்னிடம், "அப்போ நான் குத்தவாளி இல்ல கிளார்க்கு. ஆனா தொழில்காரனும் இல்ல" என்றார்.

அறிக்கையைச் சங்கக் கூட்டத்தில் படிக்கச் சொல்லிக் கொடுத்தனுப்பினார். நிகழ்ச்சி நிரல் ஏற்கெனவே அச்சாகிவிட்டது என்று செயலாளர் வருத்தம் தெரிவித்தார். அறிக்கை வந்தும் வழக்கு முடியவில்லை. விசாரணை அதிகாரி மாற்றலாகிப் போனார். புதியவர் கோப்பைத் தேடினார். பிறகு வாய்தா. பிறகு நீதிமன்ற விடுமுறை. அந்தோணி ஒவ்வொரு வாய்தாவுக்கும் சலவைச் சட்டை போட்டுப் போய், சாறு தயாரித்த குற்றத்துக்காக நின்றுவிட்டு வந்தார். சென்ற மாதம் ஒரு விடியற்காலையில் நெஞ்சு வலித்தது. ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துவிட்டது. மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். வேறு காரணங்களை எழுத அந்தப் படிவத்தில் இடம் விடவில்லை.

பதாகை நன்றாக வந்திருக்கிறது. 'பண்பாளர், பாசமிகு தோழர்' என்று போட்டிருக்கிறீர்கள். கீழே உங்கள் பெயர்கள் எல்லாம் இருக்கின்றன. பட்டியலில் இருந்தவர்களும் இல்லாத பதினைந்து பேரும் இப்போது ஒரே இடத்தில். விருப்பப்பட்டு நீங்கள் அவரோடு சேர்த்து உங்கள் பெயரைப் போட்டுக்கொண்ட முதல் சந்தர்ப்பம் இது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியதைச் சொல்லி முடிக்கிறேன். ஸ்டேஷனில் நான் சொன்னதைப் பற்றி அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் எப்போது அவர் வீட்டுக்குப் போனாலும் உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார். "மேரி, கிளார்க்கு வந்திருக்காரு. காப்பிக்குச் சக்கர போட்டுறாத, அவருக்குச் சுகரு." பத்து மாதத்துக்கு மேல் அந்தக் காப்பியைக் கசப்போடு குடித்தேன். ஒரு தடவைகூட, எனக்கு அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. இப்போது என் வீட்டிலும் அப்படித்தான் குடிக்கிறேன். மனைவி கேட்டால் பழகிவிட்டது என்கிறேன்.

குற்றம் சாட்டப்பட்டவர் இறந்துவிட்டதால் வழக்கு முடித்துவைக்கப்பட்டது. நேற்று அவருடைய பாஸ்போர்ட் விரைவுத் தபாலில் வந்தது. உரியவர் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டிய தபால் என்பதால், தபால்காரர் அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்.