ஓரம் தேயாத ரூபாய்

அண்ணன் இல்லாமல் ஓராண்டு ஓடிவிட்டது. இந்த நினைவு மலரில் நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார். எழுது, ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் விட்டுவிடு என்று என் கணவர் சொன்னார். அந்த ஒன்றைச் சொல்லத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

அண்ணன் சேத்தியாத்தோப்பில் பிறந்தவர். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் படிப்பைப் பாதியில் விட்டு, கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலையில் ஃபிட்டராகச் சேர்ந்தார். என்னைப் படிக்கவைத்து, சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்த பிறகுதான் தனக்குப் பெண் பார்க்கவே சம்மதித்தார். ஷிஃப்ட் முடிந்து செம்மங்குப்பம் வீட்டுக்கு வரும்போது சட்டையெல்லாம் ஆலை நெடி அடிக்கும். குளித்துவிட்டு லென்ஸோடு உட்கார்ந்துவிடுவார்.

பழைய காசு என்றால் அவருக்கு உயிர். சேர்ப்பதைவிட, ஒரு காசு எவ்வளவு புழங்கியிருக்கிறது என்று பார்த்து அதற்குக் கிரேடு சொல்வதில்தான் அவருக்கு ருசி. கண்டக்டர் கொடுத்த சில்லறையை ஜன்னலோரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இறங்கவேண்டிய ஸ்டாப்பைக் கோட்டைவிட்டிருக்கிறார். "என் மூஞ்சிய இவ்ளோ நேரம் பாத்ததில்ல" என்று அண்ணி கிண்டல் செய்வார். அண்ணன் சிரித்துக்கொண்டே அடுத்த காசை எடுப்பார்.

சிதம்பரத்தில் காசு சேர்ப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுவார்கள். அந்தச் சங்கத்தில் அண்ணன் பார்த்துச் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. காசின் மேல் ஒரு கோடு தெரிந்தால் கீறல் என்று மற்றவர்கள் ஒதுக்குவார்கள். இவர் வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்ப்பார். பள்ளமாக இருந்தால் கீறல். மேடாக இருந்தால் காசு அடித்த அச்சில் இருந்த விரிசல். அதைக் காசின் குறையாகச் சொல்லமாட்டார்.

முகம் மழுங்கிய காசுதான் கஷ்டம். கைமாறிக் கைமாறித் தேய்ந்தும் மழுங்கும், அச்சு அழுத்தமாக விழாமல் பிறக்கும்போதே மழுங்கலாகவும் வரும். தேய்ந்த காசில் முகத்தோடு ஓரமும் தேய்ந்திருக்கும். அச்சு விழாத காசில் முகம் மட்டும் மங்கி, ஓரத்துப் பல் கூர்மையாக நிற்கும். முகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், ஓரத்தைப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அலுக்காதவர் அவர். சொந்தக்காரர்கள் காசு என்றால் இன்னும் கறாராகப் பார்ப்பார். தங்கை வீட்டுக்குச் சலுகை காட்டினார் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாதாம்.

என் மாமியார் பூஜை அலமாரியில் ஒரு வெள்ளி ரூபாய் வைத்திருந்தார். ராஜா தலை போட்டது. அவர் காலமான பிறகு என் கணவர் அதை ஆசையாகச் சங்கத்துக்கு எடுத்துப்போனார். அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தேஞ்சி போன காசு மாப்ள. ஃபைனுக்கு மேல வராது" என்று சொல்லி, அட்டையில் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டார். ஃபைன் என்பது பேருக்குத்தான் நல்லது, காசுக்காரர்களிடம் அது நன்றாகத் தேய்ந்த காசுக்குப் போடும் கிரேடு. ஓரம் நன்றாகத்தானே இருக்கிறது என்று ஒருவர் கேட்டதற்கு அண்ணன் காதே கொடுக்கவில்லை.

அம்மா பொத்திப் பொத்தி வைத்திருந்த காசை நாலு பேர் முன்னால் மட்டம் தட்டிவிட்டார் என்று என் கணவருக்கு மனசு விட்டுப்போனது. வேண்டுமென்றேதான் குறைத்துப் போட்டார் என்று அடித்துச் சொன்னார். அண்ணனும் இறங்கி வரவில்லை. பொங்கல் சீரைக்கூட வேறு ஆள் மூலம் அனுப்ப ஆரம்பித்தார். கடலூரும் சிதம்பரமும் எனக்கு இரண்டு தேசமாகிவிட்டன. இரண்டு பேரையும் திட்டித் தீர்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு அண்ணனுக்குச் சிறுநீரகம் பழுதானது. அந்தச் சிகிச்சைக்குப் போன இடத்தில்தான் இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருப்பது தெரிந்தது. ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்ததும், அந்த ரூபாயைக் கொண்டுவரச் சொன்னார். கணவரிடம் கேட்டேன். பூஜை அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார்.

படுக்கையில் சாய்ந்தபடி அண்ணன் காசின் முகத்தைப் பார்க்கவில்லை, நேராக ஓரத்தைப் பார்த்தார். விரலால் சுற்றித் தடவினார்.

"தேயல பாப்பா. அச்சு செரியா வுழல, அவ்ளோதான். அன்னிக்கி எனக்குக் கண்ணு தெரியல. தெரியலன்னு சொல்ல வாய் வரல."

எழுந்து நடமாட முடிந்தால் சங்கத்தில் எல்லோர் முன்னாலும் தானே சொல்வதாகச் சொன்னார். "முடியலன்னா நீ சொல்லிடு" என்றார். நான் அழுதேன். அவர் அழவில்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் காசைக் கொடுத்து, அண்ணன் சொன்னதையும் சொன்னேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம் என்றார். அந்த ஞாயிறு வருவதற்குள் அண்ணன் போய்விட்டார். இவர் உடனே கிளம்பியிருக்கலாம் என்ற ஆற்றாமை எனக்கு இன்றும் தீரவில்லை.

எடுக்கும் நேரத்தில் நெற்றியில் வைக்க ஒரு ரூபாய்க் காசு கேட்டார்கள். எல்லோரும் போனிலேயே பணம் அனுப்பிப் பழகியவர்கள், ஒருவர் பையிலும் காசு இல்லை. அண்ணன் காசு சேர்த்து வைத்த பெட்டியின் சாவி எங்கே என்று அண்ணிக்குச் சொல்லத் தெரியவில்லை. காசுக்காகவே வாழ்ந்த மனிதரின் நெற்றி வெறுமையாக இருந்தது. அப்போது என் கணவர் முன்னால் வந்து அந்த வெள்ளி ரூபாயை எடுத்தார்.

சங்கத்து நண்பர் ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நெற்றிக்காசு வீட்டுக்குத் திரும்பாது, சுடுகாட்டில் வேலை செய்பவருக்குப் போய்விடும், நல்ல காசாயிற்றே என்று தடுத்தார்.

"தேஞ்ச காசுதாங்க. மச்சானே பாத்துச் சொன்னாரு."

எல்லாம் தெரிந்துதான் அப்படிச் சொன்னார். சொல்லிவிட்டு, தன் அம்மாவின் ரூபாயை என் அண்ணன் நெற்றியில் வைத்து அழுத்தினார். நான் உடைந்துபோனேன்.

மச்சான் சொன்னது சொன்னதாகவே இருக்கட்டும், எழுதாதே என்கிறார் இப்போதும். அவர் மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் அண்ணன் என்னிடம் கடைசியாகக் கேட்டது ஒன்றே ஒன்று.

இரவும் பகலும் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், தோள் கொடுத்த ஆலைத் தோழர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த செம்மங்குப்பத்து மக்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. என் கணவருக்கு நான் நேரில் சொல்லாத நன்றியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சொல் கேட்காததற்கு அவர் என்னைக் கோபித்துக்கொள்ளட்டும்.

சங்க நண்பர்களே, அந்த ரூபாய் இப்போது யார் கையில் இருக்கிறதோ தெரியாது. எங்காவது உங்கள் முன்னால் வந்தால் ஓரத்தைப் பாருங்கள். அது தேய்ந்த காசு அல்ல. இது அண்ணன் போட்ட கிரேடு.