ஏழு மைதானங்களும் ஒரு ஓமும்

கோல்ஃப் மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பதென்றே எனக்கு அப்போது தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் விட்டுத்தான் அந்தப் பாடு பட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லண்டன் ரெய்னர்ஸ் லேன் கடைத்தெருவில் மரக்கறி வாங்கிக்கொண்டு வந்து, வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்தபோது, வாட்ஸப்பில் சம்பந்தியிடமிருந்து ஒரு பட்டியல் வந்தது. சம்பந்தி என் மகளின் மாமனார். தமிழ்நாட்டுக்காரர், அமெரிக்காவில், தென் கரோலினாவில் முப்பது வருடமாக டாக்டர். மகளும் மருமகனும் அங்கே அவருடைய ஊரிலேயே இருந்தார்கள். சித்திரையில் மகளுக்குப் பிள்ளை பிறக்க இருந்தது. நானும் மனைவியும் போய் ஒரு மாதம் நிற்பதாக ஏற்பாடு. பட்டியலின் தலைப்பு இது: 'சம்பந்தி வந்தா கண்டிப்பா விளையாட வேண்டிய ஏழு கோல்ஃப் கோர்ஸ்.'

ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் குறிப்பு எழுதியிருந்தார். கடலோரத்து மைதானத்துக்கு, 'காத்து ஏறினா பந்து அட்லாண்டிக்குக்குப் போயிடும். காலையிலேயே முடிச்சுடணும்.' சதுப்பு நிலத்தை ஒட்டிய ஒன்றுக்கு, 'தண்ணிப் பக்கம் போன பந்தைத் தேடாதீங்க, முதலை இருக்கு.' ஓக் மரங்களில் நரைத்த தாடி மாதிரிப் பாசி தொங்குகிற ஒன்று. மேற்கே மலையடிவாரத்தில் ஒன்று. அங்கே எட்டாவது குழியில் நின்று நிமிர்ந்து பார்க்க வேண்டுமாம், பந்தைப் பற்றிக் கவலைப்படக் கூடாதாம். இன்னொன்றுக்கு, 'புல்லு சுமார்தான், ஆனா அங்க போடுற இறாலுக்காகவே போகலாம்.' மனிதர் ரசித்து ரசித்து எழுதியிருந்தார்.

இருபத்தைந்து வருடம் லண்டனில் சிவப்பு பஸ் ஓட்டியவன் நான். கோல்ஃப் மைதானத்தை வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்த்திருக்கிறேன்.

எல்லாம் ஒரு 'ஓம்' செய்த வேலை. கலியாணப் பேச்சு நடந்த காலத்தில் அவர் போன் எடுத்தால் அரை மணித்தியாலம் கோல்ஃப் பற்றியே கதைப்பார். நான் மரியாதைக்கு 'ஓம், ஓம்' என்று சொல்லிக்கொண்டிருப்பேன். எங்கள் யாழ்ப்பாணத்து ஓம், 'ஆமாம்' என்பதுதான் அர்த்தம் என்றாலும், பாதி நேரம் 'காதில் விழுகிறது, சொல்லுங்கோ' என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. நடுவில் எங்கேயோ 'நீங்களும் விளையாடுவீங்களா?' என்று கேட்டிருக்கிறார். அதற்கும் ஒரு ஓம் போயிருக்கிறது.

கலியாண மண்டபத்தில், "நம்ம சம்பந்தியும் கோல்ஃபர்தான்" என்று என் தோளை இறுக்கிப் பிடித்து அவர் தன் நண்பர்களிடம் சொன்னபோதுதான் எனக்கு விளங்கியது. அப்போதே மறுத்திருக்கலாம். ஆனால் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் டாக்டர்கள். பஸ் டிரைவர் வீட்டில் பெண் எடுக்கிறார்கள் என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. நான்தான் அதை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றேன். என் தோளில் இருந்த அந்தக் கை எனக்குப் பிடித்திருந்தது. வெட்கத்தை விட்டு ஒப்புக்கொள்கிறேன்.

அன்றைக்கு அவர் காபியை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். தாம்பாளத்தையும் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துத்தான் தந்தார். "அவ்வளவு பெரிய டாக்டர், என்ன பணிவு பாருங்கோ" என்று மனைவி மூன்று நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பட்டியல் வந்த மறுநாளே, பந்து அடித்துப் பழகுகிற டிரைவிங் ரேஞ்சுக்குப் போனேன். ஒரு கூடை பந்து தந்தார்கள். முதல் ஐந்து அடியும் பந்தில் படாமல் காற்றில் போனது. ஆறாவது பந்து வலது பக்கம் திரும்பிப் பக்கத்துக்காரரின் காலடியில் போய் நின்றது. அவர் ஒன்றும் பேசாமல் எடுத்துத் தந்தது இன்னும் மோசம். மனைவியிடம் எவ்வளவு நாளைக்கு ஒளிக்க முடியும்?

"உங்களுக்கு என்ன விசரோ? இருபத்தைஞ்சு வருஷம் பஸ் ஓடினது காணாதே, இப்ப டிரைவிங் பழகப் போறியளோ?" என்று சிரித்தாள். விசயத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். "பிள்ளை அந்த வீட்டில வாழ வேணும். தகப்பன் பொய்க்காரன் எண்டு அவையள் நினைக்கக் கூடாது."

அதுதான் எனக்கும் பயம். ஆறு தடவை ரேஞ்சுக்குப் போனேன். பந்து ஆறு தடவையும் வலது பக்கம்தான் போனது. கடைசியில் மகளுக்குப் போன் எடுத்து உண்மையைச் சொன்னேன். அவள் கோபிப்பாள் என்று நினைத்தேன். அவளோ களைத்துப்போன குரலில், "அப்பா, மாமாவோட நேரா கதையுங்கோ. ரெண்டு பேரும் ஒழுங்காக் கதையுங்கோ, பிளீஸ்" என்றாள். அந்த 'ரெண்டு பேரும்' ஏனென்று நான் யோசிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பின்னேரம் சம்பந்திக்குப் போன் எடுத்தேன். அவருக்கு அங்கே காலை.

"சம்பந்தி, எனக்கு கோல்ஃப் தெரியாது. நீங்கள் கேக்கேக்க நான் ஓம் எண்டது, கேட்டுக்கொண்டிருக்கிறன் எண்ட ஓம். நீங்கள் ஆமா எண்டு சொல்லுறியளே, அந்த ஓம் இல்லை. பிறகெண்டாலும் சொல்லியிருக்க வேணும். எனக்கு வெக்கமாப் போச்சு."

சிரிப்பார் அல்லது கோபிப்பார், இரண்டுக்கும் தயாராக இருந்தேன். அவர் இரண்டும் செய்யவில்லை. "அப்ப நீங்க விளையாடவே மாட்டீங்களா?" என்றார். விளையாட்டுச் சாமானைப் பறிகொடுத்த பிள்ளையின் குரல் அது. பிறகு அவரே சொன்னார்:

"எனக்குக் கை நடுங்குது, சம்பந்தி. ரெண்டு வருஷமாச்சு, பார்க்கின்சன். ஆபரேஷன் பண்றதை நிறுத்திட்டேன். பந்தை அந்தச் சின்னக் குச்சி மேல வைக்கக்கூட முடியல. உங்களுக்குச் சொல்ல வேணாம்னு உங்க பொண்ணுகிட்ட நான்தான் கேட்டுக்கிட்டேன். எங்க வீட்டைப் பத்தி என்ன நினைப்பீங்களோன்னு ஒரு கூச்சம். பழைய ஆட்களோட மைதானத்துக்குப் போனா பாவமாப் பாக்குறாங்க. நீங்க வந்தா, நீங்க அடிக்கிறதைப் பாத்துக்கிட்டே ஏழு கோர்ஸையும் இன்னொரு தடவை சுத்திடலாம்னு நினைச்சேன்."

இரண்டு கையாலும் பிடித்த அந்தக் காபிக் கோப்பை என் கண் முன்னால் வந்து நின்றது. அதைப் பணிவு என்று நினைத்தோம். டாக்டர் பஸ் டிரைவரை என்ன நினைக்கிறாரோ என்று அத்தனை நாள் குமைந்தேனே தவிர, அந்த மனிதரை ஒரு தடவையாவது நான் பார்த்தேனா? என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. பாவம் என் பிள்ளை, இரண்டு பக்கத்துக் கூச்சத்தையும் ஒருத்தியாகச் சுமந்திருக்கிறாள்.

"அந்த மைதானத்துக்குள்ள ஓடுற சின்ன வண்டியை ஆர் ஓட்டுறது?" என்று கேட்டேன்.

"முன்னெல்லாம் நான்தான். இப்ப பயமா இருக்கு."

"அது எனக்குத் தெரிஞ்ச வேலை. வண்டியை நான் ஓட்டுறன். பந்தையும் நான் அடிக்கிறன். எப்பிடி அடிக்கிறது எண்டு நீங்கள் பக்கத்தில இருந்து சொல்லுங்கோ. ஆனா என்ர பந்து வலது பக்கம்தான் போகும்."

"உங்க பிடி தளர்வா இருக்கும்" என்றார் உடனே. குரல் மாறியிருந்தது. பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஏழையும் விளையாடுவீங்களா?"

"ஓம்."

"இது எந்த ஓம், சம்பந்தி?"

"ஆமா" என்றேன்.